அந்தச் சொல்லுக்கு எந்த ஊர்

கார் திருப்போரூரைத் தாண்டிக் கடற்கரைச் சாலைக்குப் போகும்போதுதான் கல்யாணி அக்கா அந்தக் குண்டைத் தூக்கிப் போட்டாள். முன்சீட்டிலிருந்து கழுத்தைத் திருப்பி, முகமெல்லாம் சிரிப்பாக, "உங்க ஊரு செங்கல்வராயன் மாமாவும் வராரு சுஜா. நான்தான் போன் பண்ணிக் கூப்ட்டேன். முருகன் கோயில்ல ஒரு கல்யாணமாம், முடிச்சிகினு நேரா அங்க வந்துட்றேன்னாரு" என்றாள்.

பின்சீட்டில் சுஜாதா கைப்பையை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் திவ்யாவின் ரிப்பனைச் சரிசெய்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டு, அப்படியா, ரொம்ப சந்தோஷம் அக்கா என்றாள். சந்தோஷமாம். வாய் எதையெல்லாம் சொல்லப் பழகிவிடுகிறது பாருங்கள். ஓடுகிற காரிலிருந்து குதிக்க முடியாது. காரை ஓட்டிக்கொண்டிருந்தவரோ கல்யாணி அக்காவின் கணவர் ஜானகிராமன், அதாவது சுஜாதா குடியிருக்கிற வீட்டின் சொந்தக்காரர். வயிற்று வலி என்று சொல்லித் திரும்பிப் போகலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தாள். ஆனால் அன்றைய விழாவில் மேடை ஏற வேண்டியதே அவள்தான்.

சுஜாதா கேளம்பாக்கத்தில் நூர்முகமது நடத்துகிற ஆங்கிலப் பயிற்சி நிலையத்தில் டீச்சர். ஐ.டி. கம்பெனி நேர்காணலுக்குத் தயாராகிறவர்கள், ரிசார்ட்டில் வேலை தேடுகிறவர்கள், மாமல்லபுரத்தில் வழிகாட்டி உரிமம் வாங்க நினைக்கிறவர்கள் எல்லாம் அங்கே படிக்கிறார்கள். வகுப்பின் கடைசியில் ஒரு ஆங்கிலச் சொல்லை எடுத்து, அது எங்கே பிறந்தது, யார் கையில் வளர்ந்தது, எந்தக் கப்பலேறிப் போனது என்று கதையாகச் சொல்வாள். நூர்முகமது அதைப் படம் பிடித்து யூடியூபில் போட ஆரம்பித்தார். போட்டதும் பிய்த்துக்கொண்டு போயிற்று. கட்டுமரம் கேட்டமரான் ஆனது, சுருட்டு செரூட் ஆனது, சாணை பிடிக்கிற குருந்தக்கல் கொரண்டம் என்று அறிவியல் புத்தகத்தில் ஏறியது, நம் வீட்டு மிளகுத்தண்ணி முலிகட்டானி என்ற பெயரில் வெள்ளைக்காரனின் சூப் கிண்ணத்தில் போய் உட்கார்ந்தது. கீழே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பின்னூட்டம் போடுகிறவர்களுக்குக் குறைவே இல்லை. பிறந்த வீட்டுப் பெருமை என்றால் நம்மவர்களுக்கு அவ்வளவு இஷ்டம்.

ஒரே ஒரு சொல்லை மட்டும் சுஜாதா தொட்டதில்லை. இந்தக் கரையிலிருந்து போன சொல்தான். எந்த அகராதியைப் பிரித்தாலும் இருக்கிறது. ஆங்கிலத்தில் அதைப் 'பராயா' என்று உச்சரிப்பார்கள். யாரும் சேர்த்துக்கொள்ளாத ஆள், உலகம் ஒதுக்கிவைத்த நாடு என்று பொருள். பறையர் என்ற பெயரிலிருந்து வந்தது. சுஜாதாவின் சாதி அதுதான். சொல்லின் பிறப்பைச் சொல்ல ஆரம்பித்தால் தன் பிறப்பையும் தன் முகமே காட்டிக்கொடுத்துவிடும் என்ற பயம். அப்படிக் காட்டிக்கொடுத்தால் குடியிருக்கிற வீடு போய்விடும். விஷயம் இவ்வளவுதான், இதில் மர்மம் ஒன்றும் கிடையாது.

வீடு கிடைத்த கதையைச் சொன்னால்தான் இந்தப் பயம் புரியும். சுஜாதாவும் கணவன் கலையரசனும் கேளம்பாக்கத்தில் ஏறி இறங்காத படி இல்லை. முதலில் பெயரைக் கேட்பார்கள், வேலையைக் கேட்பார்கள், அப்புறம் சொந்த ஊர். ஊரைச் சொன்னதும் விட்டுவிடுவார்களா? ஊருக்குள்ளயா, அந்தாண்டயா என்று அடுத்த கேள்வி வரும். செங்கல்பட்டுப் பக்கம் எந்தக் கிராமத்தை எடுத்தாலும் இரண்டு துண்டாகத்தான் இருக்கும், ஊர் ஒன்று, காலனி ஒன்று. சுஜாதாவின் நெல்லிக்கரணை வேடந்தாங்கல் போகிற வழியில் இருக்கிறது. பஸ் ஸ்டாப்புக்குக் கிழக்கே ஊர், மேற்கே காலனி. நடுவில் நிற்கிற பலகையில் மட்டும் ஒரே பெயர்.

திருப்போரூரில் கல்யாணி அக்காவின் மாடிக்கு வந்து நின்ற அன்றைக்கும் இதே கேள்விகள்தான். நெல்லிக்கரணை என்று சுஜாதா சொல்லி முடிப்பதற்குள் அக்காவே முந்திக்கொண்டாள். அங்கே செங்கல்வராயன் மாமா வீடு தெரியுமா, ரைஸ் மில் வைத்திருக்கிறாரே, எங்களுக்குச் சம்பந்தி வழிச் சொந்தம் என்றாள். தெரியும் அக்கா, எங்க அப்பாவுக்கு ரொம்ப வருஷப் பழக்கம் என்றாள் சுஜாதா. அதில் ஒரு எழுத்துப் பொய் கிடையாது. அவள் அப்பா சீனு செங்கல்வராயனின் டிராக்டரை ஆயுள் முழுக்க ஓட்டியவர். மீதியைக் கல்யாணி அக்கா தன் மனசுக்குள்ளேயே பூர்த்தி செய்துகொண்டாள். மாமாவுக்குப் பழக்கம் என்றால் மாமா தெருதானே, மாமா தெரு என்றால் நம்மவர்கள்தானே. உடனே சாவியை எடுத்து நீட்டிவிட்டாள். நாம பொய் சொல்லல, அவங்களா முடிவு பண்ணிக்கினா நாம இன்னா பண்றது என்று கலையரசன் சொல்லிப் பார்த்தான். சொன்னவனே அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், கல்யாணி அக்கா நல்லவள். சுஜாதாவுக்குக் காய்ச்சல் வந்தபோது ரசம் வைத்து மாடிக்குத் தூக்கிக்கொண்டு வந்தவள். திவ்யா பள்ளி விட்டு வந்தால் கீழேயேதான் கிடப்பாள், பெரியம்மா பெரியம்மா என்று அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அலைவாள். சுஜாதாவின் வீடியோ ஒன்றுவிடாமல் பார்த்துப் பார்த்து, ஐம்பது வயசுக்கு மேல் ஆங்கிலப் பேப்பர் வாங்கி எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்திருந்தாள். அப்படிப்பட்டவள்தான் ஒருநாள் காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு, முன்னே குடியிருந்தவர்களைப் பற்றிச் சொன்னாள். "மூஞ்சில எழுதியா ஒட்டியிருக்கு? தெரிஞ்சவங்க வந்து சொன்ன பொறவுதான் எங்களுக்கே தெரிஞ்சுது. இவரு அன்னிக்கே காலி பண்ணுன்னுட்டாரு. ரெண்டு தபா வெள்ளையடிச்சோம்." குழாய் ஒழுகியதைச் சொல்கிற மாதிரி, கோபமே இல்லாமல் சொன்னாள். சுஜாதா அந்தக் காப்பியை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு மாடிக்குப் போனாள்.

இப்போது அந்தச் செங்கல்வராயனே நேரில் வருகிறார்.

மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால், சவுக்குத் தோப்பை ஒட்டியிருந்த ஒரு ரிசார்ட்டின் ஹாலில் பயிற்சி நிலையத்தின் ஆண்டு விழா. கதவைத் திறந்தால் கடல் தெரியும். மாணவர்கள் சமோசாவும் டீயுமாக நின்றுகொண்டிருந்தார்கள். நூர்முகமது ஓடிவந்து கல்யாணி அக்காவையும் ஜானகிராமனையும் முன்வரிசையில் உட்காரச் சொல்லிவிட்டு, கேள்வி நேரத்தைப் பற்றி சுஜாதாவிடம் ஏதோ விளக்கினார். பார்வையாளர்கள் எந்த ஆங்கிலச் சொல்லையும் கேட்கலாம், நம் மண்ணில் பிறந்த சொல்லாக இருந்தால் டீச்சர் அங்கேயே அதன் வரலாற்றைச் சொல்வார். அதுதான் ஏற்பாடு. சுஜாதா தலையை ஆட்டிக்கொண்டே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் வந்தார். கஞ்சி மொடமொடக்கிற வெள்ளைச் சட்டை, கையில் கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை. கல்யாணி அக்கா அவரைக் கையோடு அழைத்துக்கொண்டு வந்து சுஜாதாவின் முன்னால் நிறுத்தினாள். இதுதான் மாமா உங்க ஊருப் பொண்ணு, அவங்கப்பா உங்களுக்கு ரொம்பப் பழக்கமாமே என்றாள். செங்கல்வராயன் சுஜாதாவை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது என்பது அவர் கண் சுருங்கியதிலேயே தெரிந்தது. இதோ, இப்போது சொல்லப்போகிறார், இத்தனை பேர் நடுவில், மகள் எதிரில்.

"ஆமா. நல்ல பழக்கம்தான்" என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது சுஜாதாவுக்கு. அந்த நிம்மதிக்காகப் பிறகு வெகுநாள் அவள் தன்மீதே எரிச்சல்பட்டாள். கல்யாணி அக்கா பெருமையில் பூரித்துப்போய், திவ்யாவுக்கு ஜூஸ் வாங்கித் தருகிறேன் என்று குழந்தையைக் கூட்டிக்கொண்டு நகர்ந்தாள். ஜானகிராமன் யாருடனோ மனை விலை பேசப் போய்விட்டார். செங்கல்வராயன் குரலைத் தாழ்த்தினார்.

"சீனு பொண்ணுதான நீ? அவன் மூஞ்சி அப்படியே கீது."

அவன். சீனு அவரைவிட மூத்தவர். செத்தும் மூன்று வருஷமாகிறது. சுஜாதா ஆமாம் சார் என்றாள். அப்பா ஆயுள் முழுக்க ஐயா என்று கூப்பிட்ட மனிதரை சார் என்று கூப்பிட்டது அவருக்கு உறைத்திருக்க வேண்டும், புருவம் ஒருமுறை ஏறி இறங்கியது. ஆனாலும் குரல் குழைந்தே வந்தது. நம் ஊர்ப் பெண் மேடை ஏறுவது நமக்குத்தானே பெருமை, கல்யாணியிடம் நான் ஏன் வாயைத் திறக்கப்போகிறேன், நீ பாட்டுக்கு நிம்மதியாக இரு என்றார். அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பெரிய மனுஷன் என்று சுஜாதா நினைத்திருப்பாள். அவர் நிறுத்தவில்லை.

"உன் தம்பி குமாரு கலெக்டர் ஆபீசுல மனு குட்த்துகினு திரியறானே, சுடுகாட்டுப் பாத வேணும்னு. அத்த வாபஸ் வாங்கச் சொல்லு. நீ சொன்னா கேப்பான். நீயும் நல்லா இரு, நானும் மூச்சு வுடல."

சொல்லிவிட்டு ஒரு சமோசாவை எடுத்துக்கொண்டு முன்வரிசைக்குப் போனார்.

சுஜாதா கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கலையரசனுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை, எடுக்கவும் முடியாது. ஞாயிற்றுக்கிழமையிலும் அவனுக்கு ஷிப்ட், ஒரகடத்தில் அவன் வேலை செய்கிற தொழிற்சாலையில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். முகத்தைக் கழுவிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தாள். அவன் மூஞ்சி அப்படியே கீது என்றாரே, உண்மைதான். அப்பாவின் மூக்கு, அப்பாவின் நெற்றி.

அப்பா செத்தது ஒரு ஐப்பசி மழையில். காலனியிலிருந்து சுடுகாட்டுக்குப் போகிற வண்டிப்பாதையைச் செங்கல்வராயன் தன் நிலத்தோடு சேர்த்துக் கம்பி போட்டு அடைத்து நாலைந்து வருஷமாகியிருந்தது. வேறு வழியில்லாமல் பாடையைத் தூக்கிக்கொண்டு வயலுக்குள் இறங்கினார்கள். இடுப்பளவு தண்ணீர். முன்னால் தூக்கியவர்களில் ஒருவனுக்குக் கால் இடறி, பாடை ஒரு பக்கம் சரிந்து, அப்பாவின் கால் தண்ணீரில் நனைந்ததைச் சுஜாதா கரையில் நின்று பார்த்தாள். செங்கல்வராயன் மறக்காமல் மாலை அனுப்பியிருந்தார், காலனி முனை வரைக்கும். அதற்கப்புறம்தான் குமார் மனு எழுத ஆரம்பித்தான். அந்த மனுவைத்தான் வாபஸ் வாங்கச் சொல்லுகிறார். தம்பியிடம் என்னவென்று சொல்வது? என் மாடி வீட்டுக்காக அப்பா போன வழியை விட்டுக்கொடுத்துவிடு என்றா?

வெளியே மைக்கில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

மேடையில் முதல் பத்து நிமிஷம் எப்படிப் போயிற்று என்று அவளுக்கு ஞாபகமில்லை. வழிகாட்டி வேலைக்குப் படிக்கிற ஒரு இளைஞன் கேட்டமரானைக் கேட்டான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய கதை, வாய் தானாகவே சொல்லிக்கொண்டு போயிற்று. ஒரு பெண் வெட்டிவேரைக் கேட்டாள். கைதட்டல் வந்தது. சுஜாதா முன்வரிசையைப் பார்க்காமலிருக்கப் பார்த்தாள், முடியவில்லை. ஜானகிராமன், கல்யாணி அக்கா, அக்காவின் மடியில் திவ்யா, அடுத்த நாற்காலியில் செங்கல்வராயன். ஒரே குடும்பம் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி இருந்தது.

கடைசியாக ஒரு கேள்வி என்று நூர்முகமது அறிவித்தார். கல்யாணி அக்கா கையைத் தூக்கினாள்.

திவ்யாவைக் கணவரிடம் கொடுத்துவிட்டு எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மைக்கை வாங்கினாள். குட் மார்னிங் டு ஆல் என்றாள். ஹாலே கைதட்டியது. அக்காவுக்கு வெட்கம் தாங்கவில்லை. இந்தப் பெண்ணால்தான் நான் இங்கிலீஷ் பேப்பரே படிக்கிறேன், ஒரு மாசத்துக்கு முன்னால் தலைப்பில் ஒரு சொல் பார்த்தேன், ஏதோ ஒரு நாட்டை மற்ற நாடுகளெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டார்கள் என்று போட்டிருந்தது, சுஜாவுக்கே தெரியாமல் இந்த விழாவில் கேட்க வேண்டும் என்று பத்திரமாக வைத்திருந்தேன் என்று மூச்சுவிடாமல் சொன்னாள். மேடையைப் பார்த்து, கண் பளபளக்க,

"பராயா. போன்ல போட்டு எப்டி சொல்றதுன்னு கேட்டுக் கேட்டுப் பழகிகினேன். பாத்தா நம்ம பக்கத்து சொல்லாட்டம் கீது, பிடிபட மாட்டேங்குது. இதுக்கு எந்த ஊரு சுஜா?" என்றாள்.

பின்வரிசைகளில் சலசலப்பு நின்றது. தெரிந்தவர்களுக்குத் தெரிந்துவிட்டது. தெரியாதவர்கள் பக்கத்திலிருந்தவர்களின் முகத்தைப் பார்த்தார்கள். நூர்முகமதுவுக்கும் அது புரிந்துவிட்டது. சுஜாதா யார் என்று அவர் என்றைக்கும் கேட்டதில்லை, ஆனால் மனிதர் முட்டாளில்லை. வேகமாக முன்னால் வந்து, நேரமாகிவிட்டது, சாப்பாடு தயார், இந்தச் சொல்லை டீச்சர் அடுத்த வகுப்பில் சொல்வார் என்று சொல்லிக்கொண்டே சுஜாதாவின் மைக்குக்காகக் கையை நீட்டினார். தப்பித்துக்கொள்ள அவளுக்கு ஒரு கதவைத் திறந்து விடுகிறார். சுஜாதா அந்த வழியாக வெளியே போயிருக்கலாம். மைக்கை நீட்டவும் செய்தாள்.

அந்த நேரத்தில்தான் செங்கல்வராயனைப் பார்த்தாள். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, யாருக்கும் தெரியாமல், இடமும் வலமுமாக லேசாகத் தலையை அசைத்தார். வேணாம் என்று. அடுப்புப் பக்கம் போகிற குழந்தைக்குச் சொல்கிற மாதிரி. அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இந்தத் தலையசைப்புக்குக் கீழ்ப்படிந்தால் இனி ஆயுசுக்கும் கீழ்ப்படிய வேண்டியதுதான். அவள் மைக்கைத் திரும்பத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அக்கா கேட்டுட்டாங்க. சொல்லிடறேன்" என்றாள்.

வகுப்பில் பேசுகிற அதே குரலில்தான் ஆரம்பித்தாள். கப்பலில் வந்த போர்த்துகீசியர்களும் அவர்களுக்குப் பின்னால் இங்கிலீஷ்காரர்களும் தமிழ்நாட்டில் ஒரு ஜனத்தின் பெயரைக் கேட்டார்கள். பறையர் என்ற பெயர். பறை என்கிற மேளத்தோடு சேர்ந்த பெயர் என்று பல அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். மேளத்தையோ அடிக்கிறவனையோ அந்த வெளியூர்க்காரர்கள் பெரிதாகக் கவனிக்கவில்லை. வேறொன்றைக் கவனித்தார்கள். பக்கத்திலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

"அந்த ஜனங்க யாருன்னு அவங்க எழுதல. மத்தவங்க அவங்கள எப்படி நடத்தறாங்கன்னு பார்த்து, அதையே அந்தப் பேருக்கு அர்த்தமா எழுதிகினு போயிட்டாங்க. தெருநாய்க்கும் அந்தப் பேர வெச்சாங்க. இன்னிக்கு உலகத்துல யார யார் ஒதுக்கினாலும் எங்க பேரச் சொல்லித்தான் திட்டறாங்க."

எங்க என்று சொல்லிவிட்டாள். இனிமேல் திரும்ப அள்ள முடியாது. கல்யாணி அக்கா கையில் மைக்கோடு அப்படியே நின்றிருந்தாள். கேள்வி கேட்டபோது இருந்த சிரிப்பு இன்னும் முகத்தில் பாதி ஒட்டிக்கொண்டிருந்தது.

"எந்த ஊருன்னு கேட்டீங்கக்கா. நெல்லிக்கரணை. பஸ் ஸ்டாப்புக்கு மேற்கால, காலனி. எங்கப்பா பேரு சீனு. இதோ உங்க பக்கத்துல உக்காந்துகினு இருக்காரே, அவர் டிராக்டர ஓட்டினவரு. அவர் செத்தப்போ பாடைய இடுப்பளவு தண்ணில தூக்கிகினு போனோம், பாதைய சார் கம்பி போட்டு அடைச்சதால. அந்தப் பாதைக்குத்தான் என் தம்பி மனு கொடுத்திருக்கான். நான் யாருன்னு உங்ககிட்ட சொல்லாம இருக்கணும்னா அத வாபஸ் வாங்கணும்னு சார் இப்ப கேட்டாரு. வாங்க மாட்டோம் சார்."

மைக்கை மேசைமேல் வைத்தாள். யாரும் கைதட்டவில்லை. கைதட்டுகிற விஷயமா அது? நூர்முகமது மைக்கை எடுத்து நன்றி டீச்சர் என்றார். செங்கல்வராயன் தாம்பூலப் பையை எடுத்துக்கொண்டு, நடுவழியில் யாரையோ நலம்கூட விசாரித்துக்கொண்டு, நிதானமாக வெளியே போனார். அவர் காது மட்டும் சிவந்திருந்தது. ஹாலின் கடைசி வரிசையில் ரிசார்ட் சீருடை போட்ட ஒரு பெண் டீக் கோப்பைகள் அடுக்கிய தட்டோடு நின்று, கீழே வைக்காமல் சுஜாதாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பிட யாருக்கும் மனமில்லை. ஜானகிராமன் போய்க் காரைக் கிளப்பிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். ஏறு என்றும் சொல்லவில்லை, ஏறாதே என்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் போய்விடலாமா என்று சுஜாதா நினைப்பதற்குள் திவ்யா ஓடிப்போய்ப் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். சுஜாதாவும் ஏறினாள். வரும்போது வாய் ஓயாத கல்யாணி அக்கா இப்போது கண்ணாடி வழியாகச் சவுக்குமரங்களை எண்ணுகிற மாதிரி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். திவ்யா மட்டும், பெரியம்மா நல்லா இங்கிலீஷ் பேசினாங்க இல்லம்மா என்றாள். ஆமாம் என்றாள் சுஜாதா. அவளுக்குப் பயமாக இருந்தது. கூடவே நெஞ்சுக்குள் ஏதோ லேசாகவும் இருந்தது. அந்த லேசை நம்புவதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. வேறு வீடு, வேறு பள்ளிக்கூடம், மறுபடி ஒவ்வொரு படியாக ஏறி இறங்குவது என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்திருந்தது.

வீட்டு வாசலில் காரை நிறுத்தி இறங்கிய ஜானகிராமன் சுஜாதாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. மனைவியிடம் மட்டும், "பேசி அனுப்பு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மாடிப்படியின் அடியில் இருவரும் நின்றார்கள். நடுப்பகல் வெயில் படியில் விழுந்துகொண்டிருந்தது. திவ்யா இரண்டு படி ஏறி, அம்மா வரட்டும் என்று உட்கார்ந்துகொண்டாள். கல்யாணி அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். அழுகிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

"ஏன் சொன்ன? நான் ஒரு கூமுட்ட, தெரியாத்தனமா கேட்டுட்டேன். தெரியலக்கான்னு சொல்லிட்டுப் போயிருக்கக் கூடாதா நீ? தெரியாமயே இருந்திருந்தா நாம பாட்டுக்கு நல்லா இருந்திருப்போமே."

அந்த அழுகை பொய்யில்லை. அதுதான் சுஜாதாவுக்குத் தாங்கவில்லை. ஒரு கணம் அவளுக்கே அக்காவின்மேல் பரிதாபம் வந்து, தோளைத் தொட்டு ஆறுதல் சொல்லக் கை எழுந்துவிட்டது. அடுத்த கணமே அந்தக் கையை இறக்கிக்கொண்டாள். வீட்டைப் பறிகொடுக்கிறவள் நான், ஆறுதலும் நானே சொல்ல வேண்டுமா என்று கோபம் பொங்கியது. அக்காவோ, தப்பாக நினைக்காதே, எனக்கு ஒன்றும் இல்லை, இவருடைய சொந்தக்காரர்கள் சும்மா விடமாட்டார்கள், நாளைக்கே மாமா நாலு பேருக்குப் போன் போடுவார் என்று என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லாம் சொன்னாள், சொல்ல வேண்டியதை மட்டும் சுற்றிச் சுற்றிப் போனாள். கடைசியில், "அவரு இன்னா சொல்லிட்டுப் போனாருன்னு கேட்டல்ல. நீயே புரிஞ்சிக்கோ சுஜா" என்றாள்.

நீயே புரிஞ்சிக்கோ. இதுவரை எல்லா வீட்டிலும் இப்படித்தான் நடந்திருக்கிறது. யாரும் எதையும் சொன்னதில்லை. சுஜாதாவும் கலையரசனும்தான் புரிந்துகொண்டு, நன்றி சொல்லி, படியிறங்கி வந்திருக்கிறார்கள்.

"எனக்குப் புரியலக்கா" என்றாள் சுஜாதா. "அத்தன பேர் முன்னாடி நான் சொன்னேன். நீங்க எனக்கு மட்டும் சொன்னா போதும். சொல்லுங்க."

கல்யாணி அக்கா வாயைத் திறந்தாள், மூடினாள். படியில் உட்கார்ந்திருந்த குழந்தையைப் பார்த்தாள். உள்ளேயிருந்து ஜானகிராமன் தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது. மறுபடி வாயைத் திறந்தாள். சுஜாதா அவள் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் காத்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப முடியலன்னா சாயங்காலம் சொல்லுங்க. அப்பவும் முடியலன்னா நாளைக்கு. நீங்க வாயத் தொறந்து சொல்ற வரைக்கும் நாங்க மேலதான் இருப்போம்."

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு சுஜாதா படியேறினாள். கீழே கல்யாணி அக்கா அழுதுகொண்டே நின்றிருந்தாள். போ என்ற அந்த ஒரு சொல் மட்டும் அவள் வாயிலிருந்து வரவேயில்லை.